ஒரு சென்ட் கோயிலும் ஒரு கிரேக்கச் சொல்லும்

போன மாதம் ரேவதி போன் செய்தார். காவலூர்ப் பக்கம் சர்வேயராக இருப்பவர். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்த பெண். ஒரு பயிற்சி வகுப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், அதில் பழக்கம்.

"சார், இந்த ஜிபிஎஸ் ரோவர் மரத்துக்குக் கீழ வேல செய்ய மாட்டேங்குது. வானம் தெரிஞ்சாத்தான் சேட்டிலைட் புடிக்குது. நீங்க மல மேல ஒரு சாமி தோப்ப உள்ளயே போகாம அளந்தீங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. இன்னா பண்ணீங்க?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அளவையைப் பற்றி ஒரு பங்கு வருகிறது, ஒரு கிரேக்கச் சொல்லைப் பற்றி இரண்டு பங்கு வருகிறது. கண்ணமங்கலத்தில் கத்தரிக்காய் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவருக்குக் கிரேக்கம் எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன, விடுகிற மாதிரி இல்லை. இன்னொன்று, ரேவதி கேள்விப்பட்டது பாதிக் கதைதான். மீதிப் பாதியில் என் தப்பு இருப்பதால் ஆபீசில் மரியாதைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெயிலில் இருபது மீட்டர் இரும்புச் சங்கிலியை இழுத்தோம், படம் வரையக் கற்றோம். சர்வே வேலையை வெளியாட்களுக்கு இப்படிச் சொல்லலாம். நிலத்தின் குறுக்கே ஒரு நேர்கோடு போடுவோம். அந்தக் கோட்டின் மேல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய், நிலத்தின் ஓரம் எங்கெங்கே வளைகிறதோ அங்கெல்லாம் கோட்டிலிருந்து ஓரம் வரைக்கும் செங்குத்தாக ஒரு அளவு எடுப்போம். அதற்கு ஆப்செட் என்று பெயர். இந்த அளவுகளையெல்லாம் அங்கேயே நின்று புல அளவைப் புத்தகத்தில் எழுத வேண்டும். அதை வைத்து வரைகிற படம்தான் சர்க்காருக்கு நிலம். படத்தில் இல்லாதது தரையில் இருந்தாலும் இல்லாததுதான் என்று எங்கள் பயிற்சியாளர் பெருமையாகச் சொன்னார். நானும் அதைப் பெருமையாகத்தான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வேலையில் சேர்ந்த நாலைந்து வருடத்தில் ஜவ்வாது மலைக்கு அனுப்பினார்கள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் சம்மதம் கேட்கவில்லை. சாமை விளைகிற சரிவுகள், புளிய மரங்கள், நடுவில் ஓர் அடர்ந்த தோப்பு. அதற்குள் வேடியப்பன் கோயில் இருக்கிறது என்றார்கள். ஊர்த் தலைவரான ஊர் கவுண்டர் வெள்ளையன் என் வயதுக்காரர், அப்போதுதான் பட்டத்துக்கு வந்திருந்தார். சங்கிலி பிடிக்கிற முருகேசனும் அந்த ஊர்க்காரர்.

தோப்பின் ஓரம் வந்ததும் முருகேசன் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னா முருகேசா, நட."

வெள்ளையன்தான் சொன்னார். "சார், இரும்பு உள்ள போவாதுங்க."

"இன்னா இரும்பு?"

"எந்த இரும்பும்ங்க. அருவா, கோடாலி, வூட்டுச் சாவி. சங்கிலியும் இரும்புதானுங்களே."

"அப்ப நான் எப்படி அளக்கறது?"

"அது உங்களுக்குத்தானுங்க தெரியும்."

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியும் என்று நம்பித்தான் சொன்னார். எனக்கோ மணி மூன்று, கீழே இறங்குகிற கடைசி ஜீப் நாலரைக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்கையோடு கொஞ்ச தூரம் உள்ளே போய்ப் பார்த்தேன். நாலு பலகைக் கல், மேலே ஒரு மூடு கல், உள்ளே குங்குமம் பூசிய ஒரு நடுகல். திரும்பி வந்து பாறையில் உட்கார்ந்தேன். கோயில், ஒரு சென்ட். மீதி, அரசு தரிசு, மரங்கள் உண்டு. ஆப்செட் கட்டங்களைக் கண்ணளவில் நிரப்பினேன். கடைசியில் 'நேரில் அளந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜீப் கிடைத்தது. அன்றைக்கு அது என் மனதை உறுத்தவே இல்லை, அதைத்தான் இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

இருபத்தைந்து வருடம் கழித்து, தலையெல்லாம் நரைத்த பிறகு, அதே ஊருக்குப் போக உத்தரவு வந்தது. மலைவாழ் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்று அனுமதியாகியிருந்தது. அந்த ஊரில் அரசு தரிசு நாலு ஏக்கர் இருப்பதாகப் பதிவேடு சொல்கிறது, பள்ளிக்குப் பிரித்துக் கல் நட வேண்டும். வேலையைச் சரிபார்க்க சர்வே இன்ஸ்பெக்டரும் கூட வருவார்.

இன்ஸ்பெக்டர் எஸ்தர் மேடம் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். வேலூர்க்காரர். புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மலை ஏறுவார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை, ஆனால் ஆபீசில் அவரைக் கண்டால் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு நடுக்கம். காரணம் அவர் சரிபார்க்கிற விதம். அளவைப் புத்தகத்தைக் கையில் வாங்க மாட்டார். எழுதினவரையே எதிரில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எங்கேயாவது இடித்தால் கண்ணைத் திறப்பார், அவ்வளவுதான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்க மாட்டார், எப்படிச் செய்தீர்கள் என்றுதான் கேட்பார். ஏன் என்றால் சாக்கு சொல்லிவிடலாம். எப்படி என்றால் தப்பிக்க வழியில்லை.

மலைக்குப் போவதற்கு முந்தின நாள், ரெக்கார்டு ரூமிலிருந்து அந்த ஊரின் பழைய அளவைப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்.

"படிங்க தணிகாசலம் சார்."

படித்தேன். "பன்னண்டு. பதினெட்டு. ஆறு. பதினெட்டு. இருபத்திநாலு. முப்பது."

கண்ணைத் திறந்தார். "பின்னமே இல்லையே சார். நெலம் இப்படி முழுசு முழுசா வருமா?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"யார் அளந்தது?"

"நான்தாங்க மேடம்."

"எப்படி அளந்தீங்க?"

"நாளைக்கு நேர்லயே பாத்துடலாங்க மேடம்" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஊரே கூடியிருந்தது. தண்ணீர்ச் செம்போடு முதலில் வந்தவர் காசியம்மா. இந்தப் பள்ளிக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு தடவை மனு எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான். எட்டு வயது மகளை மலைக்குக் கீழே ஒரு விடுதியில் விட்டிருந்தார், மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பார். பள்ளிக்கூடம் வந்தால் மகள் வீட்டோடு இருப்பாள். கேட் எந்தப் பக்கம் வரும் சார், எங்க வூட்டுப் பக்கமா என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

கிணற்று மேட்டில்தான் பள்ளி வரப்போகிறது என்று அவர்களாகவே நினைத்திருந்தார்கள். அந்த மேடு தனியார் பட்டா, வாங்குவதென்றால் தனியாகக் கோப்பு போட வேண்டும். நான் படத்தை விரித்துத் தோப்பைக் காட்டினேன். வெள்ளையனுக்கும் இப்போது மீசை நரைத்திருந்தது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது சாமி எடமாச்சுங்களே."

"கோயில விட்டுட்டுத்தான் எடுக்கறாங்க கவுண்டரே. சுத்தி இருக்கற தரிசு மட்டும்தான்."

"கோயில்னு நீங்க எத நெனச்சீங்க?"

"அந்த நாலு கல்லு."

"அது சாமி மழையில நனையாம இருக்க எங்க தாத்தா வெச்சதுங்க. அதுக்கு முன்னாடியும் கோயில் இருந்துது." கையை இடமிருந்து வலமாக, முதல் மரத்திலிருந்து கடைசி மரம் வரைக்கும் நீட்டிக் காட்டினார். "இது பூராவும்தான் கோயிலு."

காசியம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

எஸ்தர் மேடம் தோப்பின் ஓரத்துக்கு நடந்தார். இங்கே இரும்பு உள்ளே போகாது என்று முருகேசன் சொன்னதும் ஒரு கேள்வி கேட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அப்ப இரும்பு எங்க நிக்குதுங்க?"

வெள்ளையன் அழைத்துப் போய்க் காட்டினார். தோப்புக்கு வருகிற ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையிலும் ஒரு கல் இருந்தது. வேலைக்குப் போகிற வழியில் சாமி கும்பிட வருகிறவர்கள் அரிவாளை அந்தக் கல்லில் வைத்துவிட்டு உள்ளே போவார்கள், திரும்பி வந்து எடுத்துக்கொள்வார்கள். போகிற போக்கில் அதிலேயே நாலு இழுப்பு தீட்டுவார்கள். தீட்டித் தீட்டி ஒவ்வொரு கல்லிலும் பள்ளம் விழுந்திருந்தது. சில பள்ளத்தில் என் உள்ளங்கை முழுதாக உட்கார்ந்தது. சுற்றி வந்து எண்ணினோம், பதினோரு கல். அன்றைக்கு நான் உட்கார்ந்து பொய் அளவு எழுதிய பாறையும் அதில் ஒன்று.

மேடம் சாவிக்கொத்தையும், தலையிலிருந்த ஊசிகளையும், புடவையில் குத்தியிருந்த பின்னையும் எடுத்து ஒரு கல்லின் மேல் வைத்தார். நான் பெல்ட்டைக் கழற்றினேன். உள்ளே போய்ப் பார்த்தோம். வேங்கையும் இலுப்பையும் நாவலும் நெருக்கமாக நின்றன. விழுந்த கிளைகள் விழுந்த இடத்திலேயே மக்கிக் கிடந்தன. சுள்ளிகூட யாரும் எடுப்பதில்லை என்றார் முருகேசன்.

மதியம் வெளியே ஒரு புளிய மரத்தடியில் தயிர்சாதம் சாப்பிடும்போது மேடம் சொன்னார். "எங்கப்பா பாதிரிமாருக்குக் கிரேக்கம் சொல்லிக் குடுத்தவரு சார். சின்ன வயசுல அவருக்கு அட்டையில சொல் எழுதிக் குடுக்கறது என் வேல. கோயிலுக்கு அங்க ஒரே சொல் இல்ல. நாவோஸ்னா சாமி குடியிருக்கற வூடு, குடியிருன்னு ஒரு வினைச்சொல்லுலேர்ந்து வந்ததுன்னு சொல்வாங்க. ஹியெரோன்னா புனிதமான எடம் மொத்தமும். இன்னொண்ணு தெமெனோஸ். அது தெம்னோங்கற வினையிலேர்ந்து வருது."

"அப்படின்னா?"

"வெட்டறது. பொது நெலத்துலேர்ந்து சாமிக்குன்னு வெட்டிப் பிரிச்ச நெலம். அதுதான் தெமெனோஸ்."

"கட்டடம்?"

"கட்டடம் அப்புறம் சார். கட்டாமலும் இருக்கலாம். ஒரு பலிபீடம், நாலு மரம், போதும்."

நான் சோற்றுக் கையோடு யோசித்தேன். "அப்ப கோயில்ங்கறதே ஒரு உட்பிரிவுங்க மேடம்."

ஒரு சர்வே எண்ணிலிருந்து ஒரு துண்டைப் பிரித்துத் தனி எண் கொடுப்பதற்கு எங்கள் துறையில் அதுதான் பெயர். மேடம் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். "எங்கப்பா இருந்திருந்தா உங்களக் கட்டிப் பிடிச்சிருப்பாரு" என்றார்.

அன்றைக்குப் பிடித்த ஆர்வம் அது. ஓய்வுக்குப் பிறகு வேலூர் நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். மிகப் பழைய களிமண் பலகைகளில் அதே சொல் ராஜாவுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கும் வருகிறதாம். நம் 'கோ'வும் ராஜா, சாமி இருவருக்கும் பொதுவானவர்தானே, அவர் வீடுதானே கோயில் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவர்களும் ஓரத்தில் எல்லைக் கல் நட்டு, இதுதான் எல்லை என்று அந்தக் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் தோப்பில் விறகு எடுத்தால் அபராதம் உண்டு. வெட்டு என்பதிலிருந்து அந்தச் சொல் வரவில்லை, மெசபடோமியாவில் அஸ்திவார முளைக்கு இருந்த ஒரு சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு சிலர் சொல்கிறார்கள். அறிஞர்கள் பெரும்பாலும் அதை ஒப்புக்கொள்வதில்லை. முளையடித்தே காலம் தள்ளிய எனக்கு அதுவும் உண்மையாக இருக்கக் கூடாதா என்று ஒரு நப்பாசை. வெட்டு என்ற சொல்லில் பிறந்த இடத்தில் வெட்டுவதற்குத் தடை என்பதையும் வெகுநாள் யோசித்திருக்கிறேன். முதல் ஆள் ஒருதடவை கோடு கிழித்துப் பிரித்துவிட்டார், அதற்கப்புறம் அங்கே யாரும் எதையும் வெட்ட வேண்டாம் என்றுதான் எனக்குப் புரிகிறது. மலை ஊரின் அந்த முதல் ஆள் யார், எந்தக் கருவியால் பிரித்தார் என்று வெள்ளையனைக் கேட்டிருக்கிறேன். "நடந்து காட்டியிருப்பாருங்க" என்றார்.

புளிய மரத்தடியில் இவ்வளவும் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் புரிந்தது. சாமியின் வீட்டைப் பார்த்து ஒரு சென்ட் என்று எழுதினேன், அவருக்குப் பிரித்துவிட்ட நிலத்தைத் தரிசு என்று எழுதினேன்.

ரேவதி கேட்ட அளவை விஷயம் இதுதான். தோப்பின் பரப்பைக் கண்டுபிடிக்க உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. தோப்பை முழுசாக உள்ளடக்குகிற மாதிரி வெளியே ஒரு பெரிய முக்கோணம் போட்டோம். அந்தக் கோடுகளிலிருந்து உள்பக்கமாக அரிவாள் கற்கள் வரைக்கும் ஆப்செட் எடுத்தோம். முக்கோணத்தின் மொத்தப் பரப்பில் வெளியே விடுபட்ட துண்டுகளைக் கழித்தால் தோப்பு. சங்கிலி கல்லைத் தொட்டு நின்றது, ஒரு விரல்கூட உள்ளே போகவில்லை. இரண்டு நாள் ஆனது. முதல் தடவையே எனக்குத் தெரிந்திருந்த முறைதான், பாடத்தில் படித்ததுதான். இரண்டு நாள் தங்க மனமில்லை, அவ்வளவுதான். மேடம் படிக்கச் சொன்னார். பதினாலு புள்ளி மூணு, ஒன்பது புள்ளி ஏழு, இருபத்தாறு புள்ளி எட்டு. கடைசி வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. மொத்தம் நாலு ஏக்கர் பதினேழு சென்ட் வந்தது. தரிசு என்று எதுவும் மிச்சமில்லை.

அன்று சாயங்காலம் மேடம் சொன்னார். "நான் கண்டுபிடிச்சேன்னு எழுதலாம். நீங்களே எழுதறீங்களா? ரெண்டும் ஒண்ணு இல்ல சார்."

ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது. நடவடிக்கை வரும் என்று தெரியும். இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு எழுதினேன். நடவடிக்கையும் வந்தது, அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. அறிக்கையைப் பார்த்த தாசில்தார் ஒரு நிபந்தனை போட்டார். பள்ளிக்கான அனுமதி அந்த வருடக் கடைசியோடு காலாவதி. கிணற்று மேட்டை வாங்கக் கோப்பு போட்டால் அதற்குள் முடியாது. அடுத்த ஊரில் காலியிடம் தயாராக இருக்கிறது, தோப்பு வேண்டாம் என்றால் பள்ளி அங்கே போகும். மனுப் போட்டுக் கேட்டது இந்த ஊர் என்பதால், பள்ளி அங்கே போனாலும் தோப்பைக் கோயில் நிலமாகவே விட்டுவிடச் சம்மதம் என்று ஊராரே எழுத்தில் தர வேண்டும். அந்த அடுத்த ஊர் மலைப்பாதையில் ஒரு மணி நேர நடை, நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் பெரியவர்களே கடக்க யோசிப்பார்கள்.

சம்மதம் வாங்க நான்தான் போனேன். மேடம் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஊர் நடுவில் எல்லோரையும் உட்கார வைத்து, முதலில் நான் கொடுத்த வாக்குமூலத்தை அவர்கள் முன்னால் படித்தேன். 'மேற்படி புலத்தை நான் அளக்கவில்லை. அளந்ததாக எழுதினேன்.'

"ஏன் சார் அப்படி எழுதினீங்க?" என்றார் வெள்ளையன்.

"ஜீப் போயிடும்னு."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு தாசில்தாரின் நிபந்தனையைச் சொன்னேன். தோப்பா பள்ளியா என்று நான் கேட்கவில்லை, ஆனால் அதுதான் கேள்வி என்று எல்லோருக்கும் தெரிந்தது. வெகுநேரம் தங்களுக்குள் பேசினார்கள். சாமி எடத்த வெட்டி ஸ்கூல் கட்டினா புள்ளைங்க எப்படிப் படிக்கும் என்றார் ஒருவர். ஓடையில தண்ணி வந்தா எப்படிப் போவும் என்றார் இன்னொருவர். கடைசியில் வெள்ளையன், மனுப் போட்டவங்களே சொல்லட்டும் என்று காசியம்மாவைப் பார்த்தார்.

காசியம்மா எழுந்து வந்து என்னிடம் பேனாவை வாங்கினார். முதல் கையெழுத்து அவருடையது. எழுத்துக் கூட்டி, நிதானமாகப் போட்டார். பேனாவை நீட்டும்போது கேட்டார்.

"சார், அன்னிக்கே நீங்க சரியா எழுதியிருந்தா, ஸ்கூலுக்கு மொதல்லயே வேற எடம் பாத்திருப்பாங்க இல்ல? இந்த ஊர்லயே."

"ஆமாம்மா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, அடுத்த ஆளுக்கு வழிவிட்டு நகர்ந்தார். அன்று முப்பத்தொரு கையெழுத்தும் ரேகையும் வாங்கினேன். ஒவ்வொருவரும் பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அதே கேள்வியைக் கேட்பார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். வேறு யாரும் கேட்கவில்லை.